பதினைந்து வார்டு ஊரின் ஓட்டுக் கணக்கு

2022 பிப்ரவரி 19-ஆம் தேதி தமிழ்நாடு முழுக்க நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. மாலையில் கணக்குப் பார்த்தபோது சென்னை மாநகராட்சியில் விழுந்திருந்த ஓட்டு 43.59 விழுக்காடு. எல்லா மாநகராட்சிகளையும் சேர்த்தால் 52.22. நகராட்சிகளில் 68.22. பேரூராட்சிகளில் 74.68. ஊர் சிறுக்கச் சிறுக்க ஓட்டு ஏறிக்கொண்டே போயிருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு, முதலமைச்சர் யார் என்று முடிவு செய்த சட்டமன்றத் தேர்தலிலேயே மாநிலச் சராசரி 73 விழுக்காட்டையொட்டித்தான் இருந்தது. தெருக்குழாயையும் தெருவிளக்கையும் பார்த்துக்கொள்ளும் கவுன்சிலருக்கு அதைவிடச் சற்று அதிகமாகவே பேரூராட்சி மக்கள் வந்து ஓட்டுப் போட்டிருக்கிறார்கள்.

ஏன் என்று தெரிந்துகொள்ள ஓடைப்பட்டி மாதிரி ஓர் ஊரைப் பார்த்தால் போதும். தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், சின்னமனூருக்குக் கிழக்கே, மேகமலை அடிவாரத்துப் பக்கம் இருக்கிறது ஓடைப்பட்டி. கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த திராட்சைப் பந்தல்கள்தான் ஊருக்கு அடையாளம். பள்ளத்தாக்கின் மேற்கே கம்பம் பக்கம் பன்னீர் திராட்சைக்குப் பேர் என்றால், ஓடைப்பட்டிக்கு விதையில்லாத் திராட்சை. ஊரில் 15 வார்டுகள். தேனி மாவட்டத்தின் 22 பேரூராட்சிகளில் பெரும்பாலானவற்றின் அளவு இதுதான்.

பதினைந்து வார்டு ஊரில் ஒரு வார்டு என்பது மூன்று நான்கு தெரு. வாக்காளர்கள் சில நூறு பேர். வேட்பாளர் வீடு வீடாகப் போவது புதுமுகத்தை அறிமுகப்படுத்திக்கொள்ள இல்லை. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். இன்னார் மகன், இன்னார் மருமகள், போன பங்காளிச் சண்டையில் எந்தப் பக்கம் நின்றவர், கல்யாணத்துக்கு வந்தாரா, கருமாதிக்கு வந்தாரா என்பது வரைக்கும் வாக்காளர் கையில் ஜாதகம் இருக்கிறது. வெளியூரில் வேலை பார்க்கிற பிள்ளைக்குப் போன் போடுவார்கள்: “சித்தப்பா நிக்கிறாரு, வந்து போட்டுட்டுப் போ.” கோயம்புத்தூரிலிருந்தோ திருப்பூரிலிருந்தோ ராத்திரி பஸ் ஏறி வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போகிறவனை எந்தக் கொள்கையும் இழுத்துக்கொண்டு வரவில்லை. வராவிட்டால் யார் வரவில்லை என்பது ஊருக்கே தெரிந்துவிடும். சென்னையில் அந்தக் கவலை யாருக்கும் இல்லை.

சில நூறு ஓட்டில் வெற்றி தோல்வி பத்து, இருபதில் நிற்கும். அதனால் ஒரு குடும்பத்தின் ஆறு ஓட்டு என்பது பெரிய விஷயம். ஆறும் ஒரே பக்கம் விழுமா, அப்பா ஒரு கட்சி, மகன் ஒரு கட்சியா என்பதையெல்லாம் வார்டில் வேலை செய்கிறவர் நோட்டில் எழுதி வைத்திருப்பார். மாநிலம் முழுக்கப் பேரூராட்சி வார்டுகள் ஏழாயிரத்து அறுநூற்றுச் சொச்சம். அவற்றில் ஏறத்தாழ ஆயிரத்தில் சுயேச்சைகள் ஜெயித்தார்கள். சட்டமன்றத்தில் சுயேச்சை என்பவர் அபூர்வப் பிறவி. 2021-இல் தமிழ்நாட்டில் ஒருவர்கூட ஜெயிக்கவில்லை. பேரூராட்சியில் அவர் ஊரில் ஒருவர், அவ்வளவுதான். சீட் கிடைக்காத கோபத்தில் நின்றவரும் இருப்பார், எந்தக் கட்சிக்கும் வேண்டாதவரும் இருப்பார், தெரு கூடிப் பேசி நிறுத்தியவரும் இருப்பார்.

ஆனாலும் பேரூராட்சி ஒரு கட்சித் தேர்தல்தான். இதில்தான் கிராமத்துக்கும் பேரூருக்கும் வித்தியாசம். பக்கத்திலிருக்கும் கிராம ஊராட்சியில் வாக்காளருக்கு நான்கு ஓட்டு: வார்டு உறுப்பினருக்கு வெள்ளைச் சீட்டு (சில இடங்களில் நீலம்), ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். முதல் இரண்டில் கட்சிச் சின்னம் கிடையாது, பின்னிரண்டில் உண்டு. ஓடைப்பட்டிக்காரருக்கோ ஒரே ஓட்டு, இயந்திரத்தில், கட்சிச் சின்னத்தோடு. கிராமத்தில் தலைவரை மக்களே நேராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பேரூராட்சியில் கவுன்சிலர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

கட்சி இல்லாத தேர்தல் எவ்வளவு குழப்பத்துக்கு இடம் கொடுக்கும் என்பதை 2021 அக்டோபரில் கோவை மாவட்டம் குருடம்பாளையம் ஊராட்சியில் நடந்தது காட்டியது. ஒரு வார்டு இடைத்தேர்தலில் நின்றவருக்குக் கிடைத்தது ஒரே ஓட்டு. குடும்பத்தில் ஐந்து பேர் இருந்தும் ஒரு ஓட்டுதானா என்று நாடே சிரித்தது. பா.ஜ.க. வேட்பாளர் என்று பேர் ஆகிவிட்டது. உண்மையில் அவர் நின்றது கார் சின்னத்தில், சுயேச்சையாக. கட்சியில் பொறுப்பில் இருந்தார் என்பது வேறு விஷயம். அவர் குடும்பத்துக்கு ஓட்டு இருந்ததும் வேறொரு வார்டில்.

தலைவரை யார் தேர்ந்தெடுப்பது என்பதில் தமிழ்நாடு மாறி மாறி வந்த கதை வேடிக்கையானது. 1996-இலும் 2001-இலும் மக்களே நேரடியாக. 2006-இல் கவுன்சிலர்கள் வழியாக. 2011-இல் மறுபடி மக்கள். 2016-இல் மறுபடி கவுன்சிலர்கள் என்று சட்டம் மாறி, தேர்தல் நடப்பதற்குள் 2018-இல் மக்களே என்று திரும்பி, 2019 நவம்பரில் அவசரச் சட்டத்தால் கவுன்சிலர்கள் என்றே ஆனது. ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொல்லப்பட்டது. காரணத்தைவிட, ஆட்சியிலிருக்கும் கட்சிக்கு அந்த நேரத்தில் எது தோது என்பதைப் பார்த்தால் கதை சீக்கிரம் விளங்கும். மக்களே தேர்ந்தெடுத்தால் ஆளின் முகத்துக்கு மதிப்பு. கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தால் கட்சிக்கு மதிப்பு. கூடவே, ஜெயித்தவர்களைக் கூட்டிக்கொண்டு போய் ஏதாவது ஒரு விடுதியில் பத்திரமாக வைத்திருக்கும் செலவும் உண்டு.

கவுன்சிலர்கள் கையில் தலைவர் பதவி போனால் என்ன நடக்கும் என்பதற்கு ஓடைப்பட்டியிலிருந்து ஒரு பஸ் தூரத்திலேயே சாட்சி இருக்கிறது. 2022 மார்ச் 4-இல் தலைவர் தேர்தல். தேனி அல்லிநகரம் நகராட்சித் தலைவர் பதவியைத் தி.மு.க. தன் கூட்டணிக் கட்சியான காங்கிரசுக்கு ஒதுக்கியிருந்தது. ஓட்டெடுப்பில் ஜெயித்ததோ தி.மு.க.வைச் சேர்ந்தவர். தமிழ்நாட்டின் பல ஊர்களில் அன்று இதே கதை. கூட்டணிக்கு ஒதுக்கிய இடங்களில் ஜெயித்த தன் கட்சிக்காரர்கள் பதவி விலக வேண்டும் என்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலினே அறிக்கை விட வேண்டியதாயிற்று. சென்னையில் தலைவர்கள் போட்ட ஒப்பந்தம் நகராட்சிக் கூடத்துக்குள் செல்லாமல் போனது.

தேனிப் பக்கம் இது புதிதல்ல. இந்த மாவட்டத்து வாக்காளரைக் கட்சி வாரியாகக் கட்டு கட்டி எண்ண நினைத்தவர்கள் பலமுறை ஏமாந்திருக்கிறார்கள். 2019 ஏப்ரல் 18-இல் ஒரே நாளில் இரண்டு தேர்தல். மக்களவைக்கு ஒரு பொத்தான், ஆண்டிப்பட்டி, பெரியகுளம் சட்டமன்ற இடைத்தேர்தல்களுக்கு இன்னொரு பொத்தான். தேனி மக்களவைத் தொகுதியில் அ.தி.மு.க.வின் ரவீந்திரநாத் 76 ஆயிரத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் ஜெயித்தார். தமிழ்நாட்டில் அந்த அணி ஜெயித்தது அந்த ஒரே தொகுதிதான். அதே தொகுதிக்குள் இருக்கும் ஆண்டிப்பட்டியும் பெரியகுளமும் அன்றைக்கே தி.மு.க.வுக்குப் போயின. ஆண்டிப்பட்டியில் தி.மு.க.வுக்கும் அ.தி.மு.க.வுக்கும் நின்றவர்கள் உடன்பிறந்த அண்ணன் தம்பி. எம்.ஜி.ஆர். அமெரிக்க மருத்துவமனையில் படுத்திருந்தபடியே 1984-இல் ஜெயித்த தொகுதி அது. ஜெயலலிதா இருமுறை ஜெயித்த தொகுதியும் அதுதான்.

அந்த ஆண்டிப்பட்டியில் ஓட்டுக்கு இரண்டு நாள் முன்னால் இன்னொன்றும் நடந்தது. ஒரு கட்சி அலுவலகம் இருந்த கட்டடத்தில் வருமான வரித் துறையினர் சோதனைக்குப் போனார்கள். கூட்டம் தடுக்க, போலீஸ் வானத்தைப் பார்த்துச் சுட, உள்ளே கிடைத்தது 94 பொட்டலங்கள், 1 கோடியே 48 லட்சம் ரூபாய். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் வார்டு எண், அந்த வார்டின் வாக்காளர் எண்ணிக்கை, ஓட்டுக்கு 300 ரூபாய் என்ற கணக்கு. சட்டமன்றத் தேர்தலுக்கே பணம் வார்டு வார்டாகத்தான் பிரிக்கப்படுகிறது என்பது அந்தப் பொட்டலங்களில் பேனாவால் எழுதியிருந்தது. ஓட்டுக்குப் பணம் என்பதற்குப் பேர்போன 2009 திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு தமிழ்நாட்டுக்கு இதெல்லாம் புதுச் செய்தி இல்லை. பேரூராட்சி வார்டுக்கு ஒரு வேட்பாளர் செலவழிக்கலாம் என்று 2022-இல் தேர்தல் ஆணையம் வைத்திருந்த உச்சவரம்பு 17,000 ரூபாய். கொடி, துண்டு, டீ, வடை, மைக் செட், ஆட்டோ வாடகை எல்லாம் அதற்குள். இதைக் கேட்டு எந்த வேட்பாளரும் சிரிக்காமல் இருந்ததில்லை.

இவ்வளவு பாடுபட்டு ஜெயித்தவருக்கு என்ன கிடைக்கிறது? 2023 ஜூலை முதல் பேரூராட்சிக் கவுன்சிலருக்கு மாதம் 2,500 ரூபாய் மதிப்பூதியம். துணைத் தலைவருக்கு 5,000. தலைவருக்கு 10,000. அதற்கு முன்னால் கூட்டத்துக்கு வந்தால் கிடைக்கும் படிக்காசுதான். சம்பளத்துக்காக யாரும் நிற்பதில்லை என்பது ஊரறிந்தது. காண்டிராக்டும் செல்வாக்கும் வேறு கணக்கு.

அதிகாரம்? பேரூராட்சி அலுவலகத்தில் அன்றாட வேலையை ஓட்டுகிறவர் செயல் அலுவலர். ஊரில் ‘இ.ஓ.’ என்றால்தான் தெரியும். அவரை நியமிப்பது மாநில அரசு, மாற்றுவதும் மாநில அரசு. தீர்மானம் போடுவது மன்றம். பைலில் கையெழுத்து அவருடையது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும், வாறுகால் அடைத்துக்கொண்டாலும் தெருக்காரர் கவுன்சிலர் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார். கவுன்சிலர் இ.ஓ.வுக்குப் போன் போடுகிறார். இ.ஓ. “பண்ட் வரட்டும், பார்ப்போம்” என்கிறார். பண்ட் வர வேண்டிய இடம் சென்னை.

வரி விஷயத்தில் இது இன்னும் வெளிச்சமாகத் தெரிந்தது. தேர்தல் முடிந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. 2022 ஏப்ரல் 1-ஆம் தேதி சொத்து வரி உயர்வை மாநில அரசு அறிவித்தது. 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. பதினைந்தாவது நிதிக்குழுவின் மானியம் வேண்டுமானால் சொத்து வரியைத் திருத்தியாக வேண்டும் என்பது நிபந்தனை என்று அரசு சொன்னது; அது பொய்யில்லை. ஆனால் அந்த உயர்வுக்குத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டிய வேலை புதிதாக வந்த மன்றங்களின் தலையில் விழுந்தது. பிப்ரவரியில்தான் வீட்டுக்கு வீடு கும்பிட்டு ஓட்டு வாங்கிய கவுன்சிலர், அதற்குள் அதே வீட்டுக்கு வரி ஏற்றும் தீர்மானத்துக்குக் கை தூக்க வேண்டியதாயிற்று. திட்டம் தீட்டியது டெல்லி, சதவீதம் போட்டது சென்னை, திட்டு வாங்கியது கவுன்சிலர்.

பேரூராட்சி என்ற அமைப்பையே அரசு ஒரு நாள் கலைத்துப் போட்டதும் உண்டு. 2004-இல் பேரூராட்சிகள் சிறப்புக் கிராம ஊராட்சிகள் ஆயின. 2006-இல் ஆட்சி மாறியதும் பழையபடி பேரூராட்சிகள் ஆயின. தெரு அதே தெரு, குழாய் அதே குழாய், போர்டு மட்டும் இரண்டு முறை மாறியது.

அதைவிடப் பெரிய குழப்பம் 2016-இல் வந்தது. அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலை, பழங்குடியினர் இட ஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்று தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அக்டோபர் 4-இல் ரத்து செய்தது. அதன்பின் நகர்ப்புறங்களில் தேர்தல் நடக்க 2022 பிப்ரவரி ஆனது. ஐந்தாண்டுக்கும் மேல் கவுன்சிலரே இல்லாமல் தனி அலுவலர்கள் ஆட்சி. அந்த ஐந்தாண்டும் குப்பை அள்ளாமல் போய்விடவில்லை, தெருவிளக்கும் ஏதோ எரிந்தது. ஆனால் எரியாத விளக்குக்கு யாரைக் கேட்பது என்பது தெரியாமல் போனது. பேரூராட்சிகளில் 74.68 விழுக்காடு வந்ததற்கு இந்தப் பசியும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

அதிகாரம் இல்லாத மன்றத்துக்கு இங்கே இவ்வளவு பேர் ஓட்டுப் போடுகிறார்கள் என்றால், அமெரிக்காவின் சின்ன நகரங்களில் இதன் நேர்மாறு நடக்கிறது. அங்கே நகர மன்றங்களுக்குக் கையில் உண்மையான அதிகாரம் உண்டு: வரி, போலீஸ், நிலப் பயன்பாடு. பெரும்பாலான நகரத் தேர்தல்களில் கட்சிச் சின்னமே கிடையாது, நம் கிராம ஊராட்சி போல. பல நகரங்களில் அன்றாட நிர்வாகத்துக்கு நகர மேலாளர் ஒருவரை மன்றமே சம்பளத்துக்கு அமர்த்துகிறது. 1908-இல் வர்ஜீனியாவின் ஸ்டாண்டன் நகரில் தொடங்கிய வழக்கம் இது. நம் இ.ஓ.வுக்கு அவர் ஒரு வகையில் சொந்தக்காரர்தான். ஒரே வித்தியாசம், பிடிக்காவிட்டால் மன்றம் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். இவ்வளவு அதிகாரம் இருந்தும் உள்ளூர்த் தேர்தலைத் தனியாக வைத்தால் நூறில் இருபது பேர்கூட வராத நகரங்கள் அங்கே ஏராளம்.

யாரும் வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கலிபோர்னியாவின் பெல் நகரம் உதாரணம். லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம், உழைப்பாளிகளும் குடியேறியவர்களும் வாழும், அப்போது 35 ஆயிரத்தைத் தாண்டிய மக்கள்தொகை கொண்டிருந்த ஊர். 2005 நவம்பரில் நகர நிர்வாக விதிகளை மாற்ற ஒரு தனித் தேர்தல் வைத்தார்கள். ஓட்டுப் போட்டவர்கள் 400 பேர்கூட இல்லை. அந்த மாற்றத்தின் மறைவில், மன்ற உறுப்பினர் சம்பளத்துக்கு மாநிலம் வைத்திருந்த வரம்பு பெல்லுக்குப் பொருந்தாமல் போனது. 2010-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் தோண்டி எடுத்தபோது, நகர மேலாளர் ராபர்ட் ரிஸோவின் ஆண்டுச் சம்பளம் எட்டு லட்சம் டாலரை நெருங்கியிருந்தது. பகுதி நேர மன்ற உறுப்பினர்களில் பலர் லட்சம் டாலரையொட்டி வாங்கிக்கொண்டிருந்தார்கள். ரிஸோ 12 ஆண்டுச் சிறைக்குப் போனார். ஓட்டு மிகக் குறைவாக விழும் நகரங்கள் தங்கள் தேர்தலை மாநிலத் தேர்தல் நாளோடு சேர்த்து வைக்க வேண்டும் என்று 2015-இல் கலிபோர்னியா சட்டம் கொண்டுவந்தது.

ஓடைப்பட்டி மாதிரி ஊரில் 400 பேர் ஓட்டில் அப்படி ஒரு விதி நிறைவேறுவது நினைத்துப் பார்க்க முடியாதது. டீக்கடையில் மறுநாளே நாறிவிடும். ஆனால் அப்படி விதியெழுதும் அதிகாரமே இங்கே மன்றத்துக்கு இல்லை. அங்கே அதிகாரம் இருக்கிறது, ஆள் வரவில்லை. இங்கே ஆள் வருகிறார்கள், அதிகாரம் வரவில்லை. 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகர்ப்புற உள்ளாட்சிக்கு என்று 18 துறைகளைப் பட்டியல் போட்டது. அவற்றில் பேரூராட்சி மன்றம் தானாக முடிவெடுக்கக்கூடியவை எத்தனை என்று எந்தக் கவுன்சிலரைக் கேட்டாலும் ஒரு கை விரல் போதும் என்பார்.

அதிகாரம் குறைவு என்பதால் இந்த வாசலை அற்பமாக நினைக்கவும் முடியாது. ஓ.பன்னீர்செல்வம் 1996 முதல் 2001 வரை பெரியகுளம் நகராட்சித் தலைவர். 2001-இல் சட்டமன்றத்துக்குப் போனவர் அந்த ஆண்டே செப்டம்பரில் முதலமைச்சர். இன்னொரு பக்கம், தேனியிலிருந்து மதுரை போகும் வழியில் உசிலம்பட்டி வட்டாரத்துப் பாப்பாபட்டியும் கீரிப்பட்டியும் இருக்கின்றன. ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காக 1996 முதல் பத்தாண்டு அந்தப் பதவியில் யாரையும் நிலைக்கவிடாமல் வைத்திருந்தார்கள். 2006 அக்டோபரில்தான் முறையாகத் தேர்தல் நடந்தது. வெறும் குழாய்ப் பதவி என்றால் அதை மறிக்க இவ்வளவு பிடிவாதம் எதற்கு? யார் நாற்காலியில் உட்காருகிறார்கள், யார் அவர் முன்னால் நின்று மனுக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பது சின்ன ஊரில் பெரிய விஷயம்.

பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-இல் வந்த சட்டமும் இப்படித்தான் வேலை செய்கிறது. பெயர்ப் பலகையில் மனைவி, பைக்கில் கணவர் என்பது ஊர் ஊராகக் கேட்கும் கேலி. பல இடங்களில் உண்மையும்கூட. ஆனால் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, எத்தனை குடம் பிடிக்க முடிகிறது என்பது பைக்கில் போகிறவரைவிட வீட்டிலிருக்கிறவருக்கு நன்றாகத் தெரியும். “மதினி, மூணு நாளாத் தண்ணி வரல” என்று அடுப்படி வரை வந்து சொல்ல, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஆண் கவுன்சிலர் வீட்டில் அவ்வளவு எளிதாக முடியாது. கணவர் பைக்கிலேயே சுற்றினாலும் குறை வந்து சேரும் வாசல் மாறிவிட்டது.

உள்ளாட்சியில் ஆளுங்கட்சிக்கே சாய்வது தமிழ்நாட்டின் பழைய பழக்கம். 2006-இல் தி.மு.க., 2011-இல் அ.தி.மு.க., 2022-இல் மறுபடி தி.மு.க. என்று கோட்டையில் இருப்பவர் பக்கமே நகர்ப்புற மன்றங்கள் போயின. 2019 டிசம்பரில் நடந்த ஊரகத் தேர்தலில் மட்டும் எதிர்க்கட்சியாக இருந்த தி.மு.க. அணி மாவட்டக் கவுன்சிலர் இடங்களில் சற்று முந்தியது. பணம், போலீஸ், மிரட்டல் என்று தோற்றவர்கள் சொல்லும் காரணங்கள் இருக்கட்டும். வாக்காளரின் கணக்கு இதைவிட நேரடியானது. பண்ட் சென்னையிலிருந்து வர வேண்டும் என்றால், சென்னையில் இருப்பவருக்குப் போன் போடத் தெரிந்தவரைத் தேர்ந்தெடுப்பதுதானே புத்தி? மன்றத்துக்குச் சொந்த வருமானம் இருந்தால் இந்தக் கணக்கு மாறும். சொத்து வரியும் குழாய்க் கட்டணமும் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லாத பேரூராட்சியில் மாறாது.

2022 மார்ச்சில் பதவியேற்ற மன்றங்களின் காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. 2019 டிசம்பரில் ஊரகத் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ஆம் தேதி பதவிக்காலம் முடிந்தபோது தேர்தல் வரவில்லை, தனி அலுவலர்கள்தான் வந்தார்கள்; தேனி மாவட்டத்தின் 130 ஊராட்சிகளும் அதில் அடக்கம். ஓடைப்பட்டியைச் சுற்றியிருக்கும் கிராமத்துக்காரர்கள் அன்றிலிருந்து மனுவை எடுத்துக்கொண்டு போனது ஒன்றிய அலுவலகத்துக்கு. பேரூராட்சிக்காரருக்கு அதே காலத்தில் திட்டுவதற்காவது தெருவில் ஒரு கவுன்சிலர் இருந்தார்.